பதினேழாம் எண்

எலும்பைக் கழற்றி ஈரத்துணியில் வைத்தபின்
விகந்தஸை எழுப்பினோம்.
மூளைக்கு வலி தெரியாது.
தோலுக்குத் தெரியும், அதை மரக்கச் செய்திருந்தோம்.
"மணி என்ன?" என்றார் முதலில்.
எட்டு நாற்பது.
"அப்படியானால் நீலப்பெட்டி இப்போது மேலே போகும்."

கௌனாஸின் சரிவில்
கம்பி இழுத்து ஏறும் சின்ன ரயிலை
இருபத்தாறு வருடமாக ஏற்றி இறக்குபவர்.
போன ஜனவரியில் கீழ் நிலையத்தில்
"டிக்கெட்" என்ற சொல் வராமல்
ஒரு பெண்ணின் முன்னால்
உள்ளங்கையை நீட்டியபடி நின்றிருக்கிறார்.
அவள் அதில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டுப் போனாளாம்.

திரைக்கு அந்தப் பக்கம்
ஸ்கைஸ்தே முழந்தாளிட்டுப் படங்களைக் காட்டினாள்.
இந்தப் பக்கம் நான்.
எனக்கு அவர் முகம் தெரியாது,
குரல் புறப்படும் இடம் மட்டும் தெரியும்.

"இது வாளி."
"இது மீன்."
"இது ஏணி. ஒரு கால் குட்டை, யார் வரைந்தது?"

மின்முனையைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"இது…
இது, தலைக்கு…
தெரியும். எனக்குத் தெரியும். இது…"

எடுத்தேன்.

"சீப்புகள்," என்றார்,
மூட்டையோடு மாடி ஏறியவர் போல.

மூன்று முறை தொட்டேன்.
மூன்று முறையும் சொல் போய்விட்டுத் திரும்பியது.
பதினேழு என்று எழுதிய காகிதத் துண்டை
அந்த மேட்டில் ஒட்டினேன்.

மற்றதெல்லாம் கையோடு வந்தது.
பதினேழின் அடியில் மட்டும்
ஒரு பருப்பளவு மிச்சம்.
உறிஞ்சுகுழாய் என் கையில்தான் இருந்தது.
மயக்க மருந்துக்காரர் கின்தாரஸ்
தன் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வயதில் எடுத்திருப்பேன்.
நாற்பது வயதில் எடுத்தேன்.
தங்குவோலே என்றொரு பள்ளி ஆசிரியை.
படம் அவ்வளவு சுத்தமாக வந்தது,
மாநாட்டில் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.
பெற்ற மகளை
அவள் இன்றுவரை "அது" என்கிறாள்.

குழாயைக் கீழே வைத்தேன்.

நான்காம் நாள் வார்டில் கேட்டார்:
"எதையாவது விட்டுவைத்தீர்களா?"
"ஒரு பருப்பளவு."
"எதற்காக?"
கௌரவமான பதில்கள் நிறைய இருந்தன.
"சீப்புகளுக்காக," என்றேன்.

கட்டுக்கு வெளியே தெரிந்த மண்டையை
மெல்லத் தடவிப் பார்த்தார்.
பிரசவ வார்டில் மகனைக் கையில் வாங்கிய வருடமே
கடைசி முடியும் போய்விட்டதாம்.
சிரித்தார்.
தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார்.
"போயும் போயும் அதற்கா, டாக்டர்?"

சீப்புக்குப் பின்னால்
இன்னும் எத்தனை சொற்கள் வரிசையில் நின்றன,
எனக்கே தெரியாது.
மனைவியின் பெயர் இருந்திருக்கலாம்.
வெறும் ஸ்க்ரூ டிரைவர் இருந்திருக்கலாம்.

எங்கள் லித்துவேனிய மொழியில்
சீப்புக்கு ஒருமை கிடையாது.
சட்டைப்பையில் ஒன்றே ஒன்று இருந்தாலும்
அது சீப்புகள்தான்.
பல்லை எண்ணிப் பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்.
கதவைத் திறந்ததும் வணக்கமெல்லாம் இல்லை.
"சீப்புகள்," என்கிறார்.
"சீப்புகள்," என்கிறேன் நான்.
அதன்பிறகுதான் படத்தைத் திரையில் போடுவேன்.

இன்று வெளியே பனி, சேறாக உருகிக்கொண்டிருந்தது.
பருப்பு, பருப்பாக இல்லை.
அளவுகோட்டை அழித்துவிட்டு
மறுபடியும் வரைந்தேன்.

அவர் கோட்டுப் பையைத் துழாவி
மேசைமேல் ஒன்றை வைத்தார்.
பழுப்பு நிறம், இரண்டு பல் போனது.
மேல் நிலையத்து பெஞ்சில் யாரோ விட்டுப்போனதாம்,
வருடம் ஒன்றாகியும் கேட்டு வரவில்லையாம்.
"உங்களுக்காவது முடி இருக்கிறதே."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"சொல்லுங்கள்."

"இது…" என்றேன்.
"இது, போன தடவையைவிட…
இது…"

அவர் காத்திருந்தார்,
திரைக்கு அந்தப் பக்கம் அன்று
ஸ்கைஸ்தே காத்திருந்ததுபோல,
முதல் எழுத்தைக்கூட எடுத்துக்கொடுக்காமல்.